பணத்தின் மேல் ஒரு வழக்கு

கேள்வி: டெக்சாஸில் வேலை பார்க்கும் என் மகன், பழைய கார் வாங்குவதற்காக வங்கியில் எடுத்த 14,000 டாலரை ரொக்கமாகக் கொண்டுபோனான். ஹைவேயில் நிறுத்திய போலீஸ், போதைப்பொருள் பணமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டது. கைதும் இல்லை, வழக்கும் இல்லை. இப்போது டி.இ.ஏ. என்ற மத்திய போதைத் தடுப்பு அமைப்பிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. "போனால் போகட்டும், விசாவுக்கு வம்பு" என்கிறார்கள் நண்பர்கள். விட்டுவிடலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: விடாதீர்கள் அம்மா.

உங்கள் மகன் மேல் வழக்கு இல்லைதான். வரப்போவது பணத்தின் மேல்! அமெரிக்காவின் சிவில் பறிமுதல் சட்டத்தில் எதிர்வாதியே பொருள்தான். 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர்' என்று 2006-இல் ஒரு தீர்ப்பே இருக்கிறது. ஜெயித்தது அரசு.

போலீஸ் பிடித்த பணத்துக்கு மத்திய அமைப்பு ஏன் கடிதம் போடுகிறது என்று தோன்றும். பிடித்த பணத்தை உள்ளூர் போலீஸ் அப்படி மத்திய அமைப்பிடம் கைமாற்றிவிட்டால், பறிமுதலான தொகையில் 80 சதவீதம் வரை உள்ளூர் போலீஸுக்கே திரும்பக் கிடைக்கும். பிடிப்பவருக்கே பங்கு என்றால் சந்தேகம் சுலபமாக வரத்தானே செய்யும்!

சரி, கடிதத்துக்கு வருவோம். பதில் போடாமல் இருந்தால், எந்த நீதிபதியும் பார்க்காமலேயே பணம் அரசுக்குப் போய்விடும். அதில் இரண்டு வழிகள் சொல்லியிருப்பார்கள். ஒன்று, கருணை மனு மாதிரி. கடிதம் போட்ட அமைப்பே முடிவு செய்யும். இன்னொன்று, 'இது என் பணம்' என்று சத்தியம் செய்து உரிமை கோருவது. தேர்ந்தெடுக்க வேண்டியது இதைத்தான். உரிமை கோரிவிட்டால், 90 நாளுக்குள் அரசுதான் நீதிமன்றம் போக வேண்டும். இல்லையென்றால் பெரும்பாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நீதிமன்றத்தில் நிரூபிக்கும் பொறுப்பும் அரசுடையது. 2000-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் செய்த நல்ல காரியம் அது. உரிமை கோர டெபாசிட் எதுவும் கட்ட வேண்டாம், ஆன்லைனிலேயே செய்யலாம்.

கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும். வழக்கமாக அது அனுப்பிய நாளிலிருந்து 35 நாள். அன்றைக்குத் தபாலில் போட்டால் போதாது, அதற்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

தன் பணத்தைக் கேட்பது குற்றமில்லை. ஆனால் சத்தியம் செய்து எழுதுவது என்பதால் ஒரு வரிகூடப் பிசகக் கூடாது. விசா விஷயமும் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டே அனுப்பட்டும். அரசு நமக்கு வக்கீல் வைத்துத் தராது, செலவு நம்முடையது. வழக்கில் ஜெயித்தால் நியாயமான வக்கீல் கட்டணத்தை அரசிடமே கேட்கலாம்.

அதுவரை, பணம் எடுத்த வங்கி ரசீது, கார் விற்பவரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், போலீஸ் கொடுத்த துண்டுச் சீட்டு எதையும் அழிக்கவோ தொலைக்கவோ வேண்டாம் என்று இன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள்.