கேலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) முடிந்து வந்த என் பிரானி வேக்கம் கேஜ் (வெற்றிட அழுத்தத்தை அளக்கும் கருவி) மூன்றே மாதத்தில் வேறு அளவு காட்டுகிறதே, லேப் செய்த தவறா?

பெரும்பாலும் லேப் மேல் தப்பு இருக்காது. ஓசூரில் வேக்கம் ஃபர்னஸ் (காற்றை வெளியேற்றிவிட்டுச் சூடாக்கும் உலை) மெயின்டனன்ஸில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். சர்டிபிகேட்டில் இருப்பது கேஜ் அந்த ஒரு நாளில் காட்டிய அளவுதான். உங்களுக்கு வேண்டியது, சரிசெய்வதற்கு முன்னால் அது என்ன காட்டியது என்ற எண். வருடம் முழுக்க எவ்வளவு விலகியது என்பது அதில்தான் தெரியும். சரிசெய்த பிறகு எடுத்த அளவை மட்டும் தந்தால், முந்தையதையும் கேட்டு வாங்குங்கள்.

உங்களுடையது பிரானி கேஜ் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இருப்பது சூடேற்றிய மெல்லிய கம்பி. சுற்றியுள்ள வாயு அதிலிருந்து எவ்வளவு சூட்டை இழுக்கிறது என்பதை வைத்துத்தான் அழுத்தத்தைச் சொல்கிறது. காற்றை வெளியே இழுக்கும் ரோட்டரி பம்பின் ஆயில் ஆவி கம்பியில் படிந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். புதுசாக இருக்கும்போதே 10–15 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். டிஸ்ப்ளேயில் மூன்று இலக்கம் வருகிறதே என்று நம்பிவிடாதீர்கள்.

எங்கள் பட்டறையில் ஒருமுறை ரீடிங் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. ஷிப்டில் இருந்த ஒருவர், ஃபர்னஸில் அழுத்தம் முழுசாக இறங்குவதற்குள், கேஜின் ஜீரோவைச் சரிசெய்யும் ஸ்குரூவைத் திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு திரையில் அருமையான வேக்கம். கதவைத் திறந்தால் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பாகங்கள் பளபளப்பு போய், ஓரமெல்லாம் வைக்கோல் நிறம், நடுவில் நீலம். ஒரு லோடு முழுக்க வீண். அந்தத் தட்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அழுத்தத்தை கேஜின் வரம்புக்கும் கீழே நன்றாக இறக்கிவிட்டுத்தான் ஜீரோவைத் தொட வேண்டும்.

வாயுவையும் பாருங்கள். லேபில் நைட்ரஜனிலோ காய்ந்த காற்றிலோதான் சரிபார்ப்பார்கள். நீங்கள் ஆர்கான் விட்டால் பிரானி குறைவாகக் காட்டும். 1 மில்லிபாருக்குக் கீழே உண்மையான அழுத்தம் ரீடிங்கைப் போல சுமார் 1.6 மடங்கு. மெல்லிய தகடு வளைவதை வைத்து அளக்கும் கெப்பாசிட்டன்ஸ் கேஜுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பவர் கொடுத்து சில மணி நேரம் சூடாகி நிலைத்த பிறகுதான் அதை நம்பலாம்.

முள் கேஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அது வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் காட்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வெளிக்காற்றே 680 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். கிருஷ்ணகிரியில் சுமார் 715. எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் முள் கடல் மட்ட அளவான 760-ஐத் தொடாது. அதற்காகப் பம்பைப் பிரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

நாங்கள் இப்போது செய்வது இதுதான். கேலிபரேட் செய்த ஒரு கேஜை ஃபர்னஸில் மாட்டாமல் பீரோவில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருநாள் பக்கத்துப் போர்ட்டில் அதை மாட்டி, 1 மில்லிபாரிலும் 0.01 மில்லிபாரிலும் இரண்டு கேஜும் காட்டுவதை நோட்டில் எழுதுகிறோம். இரண்டும் ஒரே யூனிட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவோம், டார் என்ற அழுத்த யூனிட்டில் ஒன்று என்றால் மில்லிபாரில் 1.33. வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், அடுத்த கேலிபரேஷனுக்கு வருடம் முடியும்வரை காத்திருப்பதில்லை. இன்னொன்று, கேஜை வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள், ஆயிலும் தூசியும் உள்ளே இறங்காது.