பெட்டி இழுக்கையில் முன்சில்லு எழும்புவது ஏன்?

கேள்வி: 135 மெசி பெர்குசன் உழவு இயந்திரத்தில் மணல் பெட்டி (ரெயிலர்) இழுக்கிறோம். வயலிலிருந்து றோட்டுக்கு ஏறும்போது முன்சில்லு நிலத்தை விட்டு எழும்புகிறது. முன்னுக்குப் பாரம் கட்டினால் சரிவருமா?
(அச்சுவேலி வாசகர்)

பதில்: பாரத்தைப் பிறகு பார்க்கலாம். பெட்டியை எதில் கொழுவியிருக்கிறீர்கள்? இயந்திரத்தின் பின்னால் கருவி பூட்டும் கீழ்க்கைகள் இரண்டுக்கும் குறுக்கே போடும் துளைச் சட்டத்தில் என்றால் கோளாறு அங்கேதான். அந்தச் சட்டம், கைகளைத் தூக்கும் ஹைட்ரோலிக்கோடு சேர்ந்து மேலே போகும். கொழுவும் இடம் உயர உயர, பின்சில்லு நிலத்தில் தொடும் இடத்தைச் சுற்றி இயந்திரம் பின்னால் புரளப் பார்க்கும். தாழ்வான, அசையாத இடத்தில் கொழுவினால் முன்பக்கம் எழும்பும்போது அந்த இடம் இன்னும் தாழ்ந்து, புரட்டும் விசை தானாகக் குறையும். பின் அச்சுக்கு மேலே கொழுவினால் அந்தக் காப்பு போதாது. கிளட்சை மிதிக்க நேரம் கிடைக்காது. ரொப் லிங்க் (கருவியை மேலே பிடிக்கும் நடுக்கை) பூட்டும் இடத்தில் சங்கிலி போட்டு இழுப்பது இதைவிட மோசம்.

துளைச் சட்டம்தான் இருக்கிறதென்றால், அது எழும்பாமல் பிடிக்கும் இரண்டு தாங்குகம்பிகளையும் பூட்டுங்கள். பூட்டியபின் ஹைட்ரோலிக் லீவரைத் தூக்கக்கூடாது, கம்பி வளையும். நடுத்துளையிலேயே கொழுவுங்கள், பக்கச் சங்கிலிகளை இறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி ஆடி, கீழ்க்கை ரயரில் உரசும். அச்சின் கீழால் வரும் இழுவைச் சட்டம் கிடைத்தால் அதுவே நல்லது. அதில் பி.ரி.ஓ. தண்டின் (கருவிகளைச் சுழற்றும் பின்தண்டு) நுனியிலிருந்து கொழுவும் துளைவரை, நிமிடத்துக்கு 540 சுற்றுத் தண்டுக்கு, 14 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் திரும்பும்போது பி.ரி.ஓ. இணைப்பு முட்டும்.

மணலைப் பெட்டியின் முன்பக்கத்தில் குவிக்கிறீர்களா? அந்தப் பாரம் கொக்கியை அழுத்தி முன்சில்லை இன்னும் இலேசாக்கும். பெட்டியின் அச்சுக்குச் சற்று முன்னே நிரவுங்கள். இவ்வளவும் செய்தபிறகும் எழும்பினால் முன்னுக்குப் பாரம் கட்டலாம், அல்லது பெட்டிப் பாரத்தைக் குறைக்கலாம்.

கேள்வி: கொத்துக் கலப்பை ஒரு இடத்தில் ஆழமாகவும் இன்னொரு இடத்தில் மேலாகவும் போகிறது. எங்கள் காணி செம்மண்.
(சுன்னாகம் வாசகர்)

பதில்: முதலில் பூட்டிய ஒழுங்கைப் பாருங்கள்: இடப்பக்கக் கீழ்க்கை, பிறகு வலப்பக்கக் கீழ்க்கை, கடைசியில் ரொப் லிங்க். சமன் செய்யும் சுழற்றி வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கத்தை முதலில் பூட்டினால் வேலை சுலபம். ரொப் லிங்கைக் குறைத்தால் முன்கொத்து தோண்டும், பின்கொத்து மிதக்கும், நீட்டினால் எதிர்மாறு. சமதரையில் சட்டம் மட்டமாக நிற்கும்வரை திருகுங்கள்.

அப்படியும் ஆழம் மாறினால், ரொப் லிங்க் பூட்டும் இடத்தில், கலப்பையின் இழுவையை ஹைட்ரோலிக்குக்கு உணர்த்தும் கட்டுப்பாட்டுச் சுருளைக் கையால் தள்ளி இழுங்கள். ஆட்டம் இருந்தால் ஹைட்ரோலிக்குக்குப் பிந்தித்தான் செய்தி போகும், கலப்பை ஏறி இறங்கும். கலப்பையைப் பூட்டும் பின் (ஊசி) தேய்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். இந்த இயந்திரத்துக்குக் கீழ்ப்பின் 22, மேல்பின் 19 மில்லிமீற்றர். உங்கள் வலிகாமப் பகுதியில் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் கிடப்பதால், கல்லில் அடித்துத் தூக்குகிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள். அதற்கு லிங்கைத் திருகிப் பயனில்லை.

கேள்வி: பெட்டி கொழுவும் பின்னுக்கு (ஊசிக்கு) பதிலாகக் கட்டிடக் கம்பி போடலாமா?
(கோப்பாய் வாசகர்)

பதில்: வேண்டாம். கம்பியின் முறுக்கு வரி துளையை அரத்தால் அராவினதுபோல அராவும். துளை முட்டையானபின் புதுப்பின்னும் நிற்காது. மட்டமான, தலையுள்ள பின்னைப் போட்டு, கீழே பூட்டுவளையம் மாட்டுங்கள்.