ஹம்பிக்கு மூன்று மாத வட்டி போதும்

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். வயது 52. ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் வேலை, சம்பளம் 24,000 ரூபாய். வீட்டுச் செலவைக் கணவர் பார்த்துக்கொள்கிறார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். கோட்டைக் கோயிலில் சாமி இல்லாமல் இருந்த காலத்திலேயே என் பாட்டி என்னை அங்கே கூட்டிப்போய்க் கல்யாண மண்டபத் தூண்களைக் காட்டுவார். அந்த வேலைப்பாட்டுக்குத் தாய்வீடான, விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியைப் பார்க்க வேண்டும் என்பது முப்பது வருட ஆசை. மூன்று முறை பணம் சேர்த்தேன். மூன்று முறையும் தம்பியின் அவசரத்துக்குப் போய்விட்டது. அவனுடைய கடைக்காக 2022இல் என் 8 சவரனை அடகு வைத்து 1,50,000 வாங்கிக் கொடுத்தேன். வருடா வருடம் அதே நகைக்குக் கூடுதல் கடன் வாங்கி, பழைய கடனை அடைத்து மாற்றி வைத்ததில், இந்த மாசியோடு கடன் 3,60,000. வட்டி 12 சதவீதம். அம்மா கண்மூடும்போது அவனை என் கையில் ஒப்படைத்தார், அதனால் மறுக்க வாய் வரவில்லை. இப்போது பள்ளியில் ஐந்து பேர் 'மகளிர் மட்டும்' ஹம்பி சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். ஆளுக்கு 28,500. செல்போன் செயலி ஒன்று மாதம் 2,650 வீதம் 12 தவணைக்குத் தருகிறது. வாங்கலாமா? மாதம் 6,000, 6,500 வரை என்னால் ஒதுக்க முடியும். இந்த வயதில் இந்த ஆசை தேவைதானா என்றும் தோன்றுகிறது.

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தேவைதான். மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, தம்பியின் கடை எல்லாம் உங்கள் கணக்கில் செலவு. உங்களுக்காக ஒரு பயணம் என்றால் மட்டும் அது ஆசை ஆகிவிடுகிறது. எனக்கு எழுதும் பெண்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். பக்கம் பக்கமாக மற்றவர்களின் தேவை இருக்கும், கடைசி வரியில் மன்னிப்புக் கேட்பதுபோலத் தன் விருப்பம் இருக்கும். நீங்கள் கேட்பது நாலு நாள். முப்பது வருடம் காத்திருந்துவிட்டீர்கள்.

ஆனால் ஹம்பியை உங்களிடமிருந்து தள்ளி வைப்பது தம்பி அல்ல, மாற்றி வைக்கும் பழக்கம். நீங்கள் தனித்தாளில் எழுதி அனுப்பிய கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2022இல் 1,50,000. அடுத்த வருடம் 1,80,000. அப்புறம் 2,20,000. போன வருடம் 2,80,000. இந்த வருடம் 3,60,000. "கையிலிருந்து ஒரு ரூபாய்கூட வட்டி கட்டவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில்தான் என் கண் நின்றது. வட்டி கட்டாமல் இல்லை அம்மா, கடன் வாங்கிக் கட்டியிருக்கிறீர்கள். நாலு வருட வட்டி 18,000, 21,600, 26,400, 33,600. கூட்டினால் கிட்டத்தட்ட ஒரு லட்சம். தம்பி கைக்குப் போனது 2,60,000தான். மீதி ஒரு லட்சம் வட்டிக்கே வாங்கிய கடன்.

தங்கம் விலை ஏறியது இதை மறைத்துவிட்டது. அதே 8 சவரனுக்கு ஒவ்வொரு மாசியிலும் கூடுதல் பணம் தருகிறார்கள். வட்டியைக் கழித்துக்கொண்டது போகவும் கையில் கொஞ்சம் வருகிறது, அது சும்மா வந்த பணம்போல இருக்கிறது, தம்பிக்கும் செய்தி போய்விடுகிறது. உங்கள் நகையின் விலை ஏற்றம் உங்களுக்குச் சேர வேண்டிய லாபம். அதை நீங்களே வருடா வருடம் வழித்துக் கொடுக்கிறீர்கள். விலை ஒரு வருடம் இறங்கினாலும் நிலைமை தலைகீழாகும். 2026 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கியின் புதிய விதிகளும் வந்துவிட்டன. அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டினால்தான் இப்படிப்பட்ட நகைக்கடனைப் புதுப்பிக்கவோ கூடுதல் வாங்கவோ முடியும். அடுத்த மாசியில் 43,200 ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

43,200 என்றால் மாதம் 3,600. இதை மனதில் வைத்துக்கொண்டு ஹம்பிக்கு வருவோம்.

காட்பாடியிலிருந்து பகல் ரயிலில் பெங்களூர், அங்கே இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ். காலையில் ஹோஸ்பேட்டில் இறங்கினால் ஹம்பி 13 கிலோமீட்டர். ஏசி மூன்றடுக்கில் போகவர 3,000. இரண்டு பேருக்கு ஓர் அறை என்று மூன்று இரவு, தலைக்கு 3,000. சாப்பாடு 2,000, ஆட்டோவில் உங்கள் பங்கு 1,500, கைச்செலவு 1,000. விட்டலர் கோயிலுக்கு நுழைவுச் சீட்டு 40 ரூபாய்தான். தாராளமாகப் போட்டாலும் 10,500. உங்கள் நகைக்கடனின் மூன்று மாத வட்டி 10,800.

அந்தச் செயலித் தவணையை மட்டும் தொடாதீர்கள். 2,650ஐ 12ஆல் பெருக்கினால் 31,800, அதன் மேல் செயல்பாட்டுக் கட்டணம் 999. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே போவதால் உண்மையான வட்டி வருடத்துக்குச் சுமார் 28 சதவீதம் வருகிறது. நகைக்கடனைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஊர் திரும்பிப் பதினோரு மாதம் கழித்தும் போன பயணத்துக்குக் கட்டிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சுற்றுலா நிறுவனத்தின் 28,500உம் அதிகம். ஐந்து பெண்கள் சேர்ந்தால் நீங்களே போய்வரலாம்.

சரி, கடனை என்ன செய்வது? தம்பிக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அதைக் குத்திக்காட்ட வேண்டாம். இரண்டு சவரனை விற்றுவிடுங்கள். மனசு ஒப்பாது என்று தெரியும், அம்மா போட்ட நகை. ஆனால் இன்றைய விலையில் கழிவு போக 1,50,000க்குக் குறையாது, கடன் 2,10,000க்கு இறங்கிவிடும். அதன்பிறகு மாதம் 10,000 கட்டினால் இரண்டே வருடத்தில் மீதி ஆறு சவரனும் வீட்டுக்கு வரும். விற்காமல் அதே 10,000 கட்டினால் மூன்றே முக்கால் வருடம் ஆகும். எட்டு சவரனும் ஒரே பொட்டலத்தில் இருந்தால், பகுதிப் பணம் கட்டி இரண்டு சவரனை மட்டும் பிரித்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். திருப்புவதற்கான பணத்தை மகனிடம் இரண்டு நாள் கைமாற்றாக வாங்கிக்கொள்ளுங்கள். 'அடகு நகையை நாங்களே மீட்டு வாங்கிக்கொள்கிறோம்' என்று சுவரொட்டி ஒட்டும் கடைகளுக்குப் போகாதீர்கள், எடையிலும் விலையிலும் நிறைய பிடித்துவிடுவார்கள்.

அந்த 10,000இல் 5,000 உங்களுடையது, 5,000 தம்பியுடையது. அவர் பணத்தை உங்கள் கையில் தர வேண்டாம். இப்போது தரும் ஆயிரம் இரண்டாயிரம் வீட்டுச் செலவில் கரைவதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 5ஆம் தேதி நேராகக் கடன் கணக்கில் கட்டட்டும். நாலு வருடமாக ஓடுகிற கடை, 5,000 கட்ட முடியும். "அக்காவால் இனிமேல் மாற்றி வைக்க முடியாது, வங்கியிலேயே விதி மாறிவிட்டது" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. அம்மா அவரை உங்களிடம் ஒப்படைத்தது வாஸ்தவம். அந்த நகையையும் அதே அம்மாதான் உங்களிடம் ஒப்படைத்தார்.

நீங்கள் மாதாமாதம் ஒதுக்கும் பணத்தில் அந்த 5,000 போக, மீதியில் 1,200ஐ இந்தச் சித்திரையிலிருந்து ஒன்பது மாதத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போடுங்கள். மார்கழி முடிவில் 10,800 சேர்ந்திருக்கும். சம்பளக் கணக்கு இல்லாத வேறு வங்கியில், தம்பிக்குத் தெரியாமல் இருக்கட்டும். இதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, உங்கள் சம்பளம். தோழிகள் எல்லோரும் ஒருவர் கையில் சேர்ப்பது வேண்டாம், அவரவர் பெயரில் போடுங்கள். தையில் ஹம்பியில் வெயில் தாங்கும். சித்திரை, வைகாசியில் அந்தப் பாறைகள் அனலாகக் கொதிக்கும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களான நமக்குக் கட்டணம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு விரிஞ்சிபுரம் போய்வாருங்கள். மதிலழகு என்று பேர் வாங்கிய கோயில், சாமி பெயரே வழித்துணைநாதர். விஜயநகர இளவரசன் குமார கம்பணன் தெற்கே படையெடுத்து வந்ததை அவன் மனைவி கங்காதேவி காவியமாகப் பாடினாள். அதில் படை தங்கும் இடமாக இந்த விரிஞ்சிபுரம் வருகிறது. அறுநூறு வருடத்துக்கு முன்பே நம் பாலாற்றங்கரையை ஒரு பெண் எழுதி வைத்திருக்கிறாள். இன்னொரு ஞாயிறு வள்ளிமலை, அங்கே பாறையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. கோட்டை மண்டபத்துக்கும் மறுபடி ஒருமுறை போங்கள். பாய்கிற யாளியையும் குதிரையையும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டால், விட்டலர் கோயில் மண்டபத்தில் நிற்கும்போது அது புது ஊராகத் தெரியாது. எனக்கு அங்கே வேலூர்தான் நினைவுக்கு வந்தது. 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு அந்தத் தலைநகரம் அழிந்து, அரச வம்சம் பெனுகொண்டா, சந்திரகிரி என்று நகர்ந்து கடைசியில் வேலூருக்கே வந்தது. நீங்கள் போவது அந்த வழியைத் திரும்ப நடப்பதற்கு. 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிற கல் ரதத்தை நேரில் பாருங்கள். துங்கபத்திரையில் பரிசலில் ஏறி ஆனெகுந்திக்கும் போய்வாருங்கள், அதற்கு ஒரு நாள் தனியாக வையுங்கள்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். அதனால் கார்த்திகையில் ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். பெங்களூரில் இரண்டு ரயிலுக்கும் நடுவே சில மணி நேரம் இருக்கும். இரவுச் சாப்பாட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டு வரும்படி மகனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.