புண் தானாக ஆறிவிட்டதே, இனி எதற்கு டெஸ்ட்?

கேள்வி: வயது 29. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தை மாதம் எனக்குத் திருமணம். முன்பு இரண்டு பெண்களுடன் பழக்கம் இருந்தது. 2 வருடத்துக்கு முன் ஆணுறுப்பில் சின்னதாக ஒரு புண் வந்தது, வலி இல்லை. மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டேன், ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. அதன்பிறகு யாருடனும் தொடர்பு இல்லை. போன மாதம் எடுத்த மாஸ்டர் செக்கப்பில் எல்லாம் நார்மல். பால்வினை நோய்க்குத் தனியாக டெஸ்ட் தேவையா?

பதில்: தேவை. இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.

'வலி இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. மேகப்புண் என்று நம் ஊரில் சொல்லும் சிபிலிஸில் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். நல்ல பெயர் ஆயின்மென்ட்டுக்குப் போகும். கிருமி உடம்பிலேயே இருக்கும். அடுத்து சிலருக்கு உள்ளங்கை, பாதத்தில்கூடத் தடிப்பு வந்து மறையும். பிறகு வருடக்கணக்கில் சத்தமே இருக்காது. கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இதயம், மூளை, கண் வரை போய்விடும். உங்களுக்கு வந்தது அதுதான் என்று நான் சொல்லவில்லை. வேறு சாதாரணப் புண்ணாகவும் இருந்திருக்கலாம். ரத்தத்தைப் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது.

மாஸ்டர் செக்கப் என்பது பெரும்பாலும் சர்க்கரை, கொழுப்பு, ஈசிஜி வகையறா. ரிப்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள், சிபிலிஸுக்கான ரத்த டெஸ்ட் விடிஆர்எல், அந்த வரியே அநேகமாக இருக்காது. எச்ஐவியும் பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் சம்மதம் வாங்காமல் அந்த டெஸ்ட் எடுக்கக் கூடாது என்று 2017 எச்ஐவி சட்டமே சொல்கிறது.

விடிஆர்எல், எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி நான்கையும் பாருங்கள். விடிஆர்எல் பாசிட்டிவ் என்றால் உடனே பயப்பட வேண்டாம், வேறு காரணத்தாலும் அப்படி வரும். டிபிஎச்ஏ என்ற இன்னொரு ரத்த டெஸ்ட் பார்த்து உறுதி செய்வோம். கொனோரியா, கிளமிடியா என்ற மற்ற பால்வினை நோய்களுக்குச் சிறுநீரில் பிசிஆர் என்ற டெஸ்ட் உண்டு, பெரிய லேபில்தான் கிடைக்கும். நேற்று நடந்த தொடர்புக்கு இன்று டெஸ்ட் எடுத்தால் தெரியாது, 3 மாதம் வரை ஆகலாம். உங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தாண்டிவிட்டது.

அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கும். எச்ஐவி டெஸ்ட் இலவசம், விஷயம் வெளியே போகாது. போக யோசனையாக இருந்தால் முதலில் எச்ஐவி உதவி எண் 1097க்கு போன் செய்து பேசுங்கள், கட்டணம் கிடையாது. தயவுசெய்து பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள்.

இப்போது பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? மனைவி கர்ப்பமானதும் செக்கப்பில் அவருக்கு விடிஆர்எல் பார்ப்பார்கள். பாசிட்டிவ் வந்தால் வீட்டில் முதல் சந்தேகம் அந்தப் பெண் மேல்தான் விழும். நோய் கணவனிடமிருந்து வந்திருக்கும், பேச்சு அவள் வாங்குவாள். வயிற்றில் இருக்கும் குழந்தையையும் அது பாதிக்கும். இத்தனைக்கும் வைத்தியம் எளிது. எப்போது தொற்றியது என்று தெரியாத சிபிலிஸுக்கு வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி, அவ்வளவுதான். ஹெபடைடிஸ் பி இருந்தால் மனைவிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டுவிடலாம்.

திருமணத்துக்குப் பிறகு இருவருக்கும் வேறு தொடர்பு இல்லாதவரை வருடாவருடம் எடுக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு மேற்பட்ட துணை உள்ளவர்கள், ஆணோ பெண்ணோ, தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கிளமிடியா பல பெண்களுக்கு அறிகுறியே காட்டாது, சிலருக்குக் கருக்குழாயை அடைத்துவிடும்.

டாக்டரிடம் போகும்போது அந்தப் புண்ணைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். பென்சிலின் அலர்ஜி இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.