10,75,200 என்ற எண்ணுக்கு ஏதாவது சிறப்பு உண்டா?

உண்டு. எங்கள் காரைக்குடிப் பக்கம் தினமும் வாயில் வரும் எண் இது. பெயர்தான் வேறு: இம்மி. ஒன்றை 10,75,200 பங்காகப் போட்டால் ஒரு பங்கு, பழைய தமிழ்க் கணக்கில் ஓர் இம்மி.

என் ஐயா பர்மாவில் வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்குப் பழகியவர். வட்டி போட்டு முடித்துப் பேரேட்டை மூடும்போது, "இம்மி பிசகலை" என்பார். அந்த இம்மி எவ்வளவு என்று நான் தேடிப் போனது பிளஸ் டூ படிக்கும்போதுதான்.

முந்திரி என்றால் 320இல் ஒன்று. 320ஐ அதே 320ஆல் பெருக்கினால் 1,02,400. ஒன்றில் அத்தனை பங்கில் ஒரு பங்குதான் கீழ்முந்திரி. 1,02,400ஐப் பகா எண்களாகப் பிரித்தால் பன்னிரண்டு 2, இரண்டு 5, அவ்வளவுதான். அதனால் ஒரு கீழ்முந்திரியைத் தசமத்தில் எழுதினால் 0.000009765625 என்று பன்னிரண்டாவது இடத்தில் சுத்தமாக நின்றுவிடும். இந்தக் கீழ்முந்திரியைப் பத்தரையாகப் பிரித்தால் இம்மி. அந்தப் பத்தரைதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. பத்தரை என்பது 21இல் பாதி. அதன் வழியாக 3ம் 7ம் உள்ளே வந்துவிடுகின்றன. 10,75,200இல் இப்போது பதினொரு 2, இரண்டு 5, ஒரு 3, ஒரு 7.

முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 1ஐ இந்த எண்ணால் வகுத்துக்கொண்டே போனேன். 0.00000093005 வரை ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. அப்புறம் 952380. மறுபடி 952380. மூன்றாம் முறையும் அதே ஆறு இலக்கம் வந்தபோது உடம்பு சிலிர்த்தது. 2ம் 5ம் சேர்ந்து முதல் பதினொரு இடத்தோடு தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன. அதற்குமேல் சுற்றிச் சுற்றி வருவது 21இன் வேலை. தாளை ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "புள்ளி வச்சு எழுதுனா முடியாதுப்பு. இம்மின்னு எழுது, முடிஞ்சுபோச்சு" என்றார். பின்னத்தின் அருமையை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

10,75,200க்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொரு பகா எண்ணும் வரும் தடவையோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 12 × 3 × 2 × 2, ஆக 144. 1 முதல் 8 வரை எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும், 9ஆல் வகுபடாது. 144 நல்ல எண்ணிக்கைதான், ஆனால் உச்சம் இல்லை. இன்னும் 5,880 தள்ளிப் போனால் வரும் 10,81,080க்கு 256 காரணிகள். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இத்தகைய எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915இல் நீண்ட கட்டுரை எழுதினார். (அவர் பெயரில் 1950இல் சென்னையில் கணித நிலையம் தொடங்கியவர் எங்கள் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.)

கீழ்முந்திரியின் 1,02,400 ஒரு முழு வர்க்கம். 192, 256 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் அதுவே வரும். 10,75,200 வர்க்கமும் இல்லை, இரு வர்க்கங்களின் கூட்டலாகவும் வராது. ஒற்றையாக நிற்கும் 3ம் 7ம் விடுவதில்லை. 42ஆல் பெருக்கினால் 6,720இன் வர்க்கமாகிவிடும். கையாலேயே போட்டுப் பாருங்கள்.