முருங்கைக்கீரை உருவுகிற கை பென்சிலும் பிடிக்கும்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் ஆறு பேர். ஒத்தாசைக்கு மாமியார் இருக்கிறார். பின்பக்கம் முற்றத்தில் வேம்பு, முருங்கை, கறிவேப்பிலை, ஒரு கிணறு. மண்ணையும் செடியையும் தொட்டுப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும் என்று ஆசை. யூடியூப் பார்த்துக் கலர் அரிசி, கலர் மணல் செய்து கொடுத்தேன், இரண்டு நாளில் சலித்துவிட்டது. மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி மண்ணைத் தொட்டாலே அழுகிறாள். போன வாரம் ஒரு அம்மா சேறு அப்பிய சட்டையைப் பார்த்துவிட்டு, "இதுக்கா அனுப்புதேன்? ஏபிசிடி எப்பம் சொல்லிக் குடுப்பிய?" என்று கேட்டுவிட்டார். பேசாமல் ஒர்க் ஷீட் வாங்கிக் கொடுத்துவிடலாமா? சனிக்கிழமைகளில் ஆற்றுக்குக் கூட்டிப் போகவும் யோசனை உண்டு. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: தங்கச்சி, முதல் வேலையாக அந்தக் கலர் அரிசியை நிறுத்திவிடுங்கள். சாப்பிடுகிற பொருளைச் சாயத்தில் முக்கி விளையாடக் கொடுத்தது உங்கள் மாமியாருக்கே உறுத்தியிருக்கும், வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் நான் நிறுத்தச் சொல்வது அதற்காக மட்டும் இல்லை. இன்றைக்குத் தட்டில் வைத்த கலர் அரிசி நாளைக்கும் அதே கலர் அரிசிதான், அதில் தானாக ஒன்றும் நடக்காது, அதனால் ராத்திரி உட்கார்ந்து நாளைக்கு என்ன புதுசாகக் காட்டலாம் என்று போனைத் தேய்த்துக்கொண்டிருக்கவேண்டியது நீங்கள். முற்றத்தில் அந்தக் கவலை கிடையாது. வேம்பு பூக்கும், உதிர்க்கும், பழுக்கும். எறும்பு நேற்றுப் போன வழியை இன்றைக்கு மாற்றியிருக்கும். பிள்ளைகள் தினமும் அதே இடத்துக்கு வந்தால்தான் இதெல்லாம் அவர்கள் கண்ணில் படும், நேற்றுப் பார்த்தது மனதில் இருந்தால்தானே இன்றைக்கு மாறியது தெரியும்?

காலையில் ஒன்பதிலிருந்து பத்தரை வரை முற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பெற்றோர் ஒத்துக்கொண்டால் எட்டு மணிக்கே ஆரம்பிக்கலாம். பதினொன்றிலிருந்து மூன்று வரை நம் ஊர் வெயிலில் பிள்ளைகளை விடவே கூடாது.

உங்கள் கறிவேப்பிலையிலிருந்தே தொடங்கலாம். இலை மேல் குருவி எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் தட்டிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பட்டாம்பூச்சிப் புழு. கொஞ்ச நாளில் பச்சையாகி, இலை இலையாகத் தின்று கொழுத்து, சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சின்னக் கொம்பு மாதிரி ஒன்றை நீட்டி வாடையடிக்கும், பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை. அப்புறம் கூடு கட்டிக்கொள்ளும். ஒரு வாரம், பத்து நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். சில கூட்டிலிருந்து பூச்சி வராமலே போகும், ஏனென்றால் குட்டிக் குளவி அதற்குள் முட்டையிட்டிருக்கும். அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், நான்கு வயதுப் பிள்ளைக்கு அது தாராளமாகப் புரியும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: "இது என்ன கலர், எத்தனை கால்" என்று பக்கத்தில் நின்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் குனிந்து பாருங்கள், அவ்வளவுதான். "ஏ ஆச்சி, இங்கன பாரேன்" என்று அதுவே உங்கள் மாமியாரைக் கூப்பிடும், அந்தப் பேச்சிலிருந்து எத்தனையோ சொல் தானாக வந்துவிடும்.

அடுத்தது வேலை. விளையாட்டு வேலை இல்லை, உங்கள் வீட்டில் அன்றைக்கு நடக்கவேண்டிய நிஜ வேலை. முருங்கைக்கீரை உருவுவது, அவரைக்காய்க்கு நார் எடுப்பது, பூண்டு உரிப்பது, சொம்பிலிருந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வேப்பஞ்சருகைக் கூட்டி ஒரு மூலையில் சேர்ப்பது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார், அவருடைய முறையிலேயே தண்ணீர் ஊற்றுவதும் கூட்டுவதும் துணி மடிப்பதும் பாடங்கள்தான். பணம் வாங்குகிற பள்ளிகளில் இதற்கென்று தனிச் சாமான் வைத்திருப்பார்கள், உங்களுக்கு அடுக்களைச் சாமானே போதும். வாரத்தில் ஒரு நாள் ஆளுக்குக் கொஞ்சம் கீரையும் காயும் ஆய்ந்து கொடுக்க, நீங்கள் கூட்டாஞ்சோறு ஆக்கிவிடுங்கள். தான் உருவிய கீரை சோற்றில் கிடக்கிறது என்றால் கீரையே தொடாத பிள்ளையும் ஒரு வாய் தின்று பார்க்கும்.

இப்போது நான் ரொம்பவும் சொல்ல ஆசைப்படுகிற ஒன்று, பனங்கொட்டை. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் விழும். தெரிந்தவர் யாரிடமாவது சொல்லிவைத்து ஒரு சாக்குப் பழம் வாங்கிப் போடுங்கள். முதலில் பழம், அந்த மணம், நாரைப் பிய்த்துச் சப்புவது, கையெல்லாம் மஞ்சளாவது. அப்புறம் கொட்டையைக் கழுவி நாரைச் சீவுவது. இரண்டரை வயதுப் பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் புளியங்கொட்டை, பாசிமணி எதையும் தனியாகக் கொடுக்க முடியாது, வாய்க்கோ மூக்குக்கோ போய்விடும். பனங்கொட்டை பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிது, விழுங்க வழியில்லை, கனமும் இருக்கிறது, உருட்டலாம், அடுக்கலாம், வரிசையாக வைத்து எண்ணலாம். பிறகு முற்றத்து ஓரமாக மண்ணைக் குவித்துப் பாத்தி மாதிரி கட்டி, கொட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே மண் போட்டு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும், மழை பொய்த்தால் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும்.

பல நாளைக்கு மேலே ஒன்றுமே தெரியாது, ஏனென்றால் பனை மேலே வருவதற்கு முன்னால் கீழேதான் போகும். "ஏன் வரல்ல?" என்று தினமும் கேட்பார்கள். ஓரத்தில் ஒரு கொட்டையை மட்டும் தோண்டிப் பார்க்க விடுங்கள், முளை மண்ணுக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடட்டும். பொங்கலுக்கு முன்னால் பாத்தியைக் கலைத்தால் கிழங்கு. எத்தனை புதைத்தோம், எத்தனை முளைத்தது, எது நீளம், எது குட்டை, எத்தனை பேருக்கு எத்தனை வரும் என்று கூட்டல் கழித்தல் வகுத்தல் அத்தனையும் அந்த ஒரு காலையில் நடந்துவிடும். கொட்டையை நீங்கள் வெட்டிக் கொடுத்தால் உள்ளே தவுன் என்கிற மெத்தென்ற வெள்ளைப் பகுதி இருக்கும், அதற்கு அடிதடி நடக்கும், பங்கு போடுவதும் ஒரு படிப்புதான். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கில் நார் இருக்கும், சின்னதுகளுக்கு நாரை உரித்து நன்றாக மசித்துக் கொடுங்கள். நான்கு மாதம் ஒரு காரியத்துக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு எந்த ஒர்க் ஷீட்டும் அதற்கு மேல் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆடிக் காற்றுக்கு ஓலைக் காற்றாடி, கோடையில் நுங்கு வண்டி, இதெல்லாம் உங்கள் மாமியாரே செய்து கொடுப்பார். காருகுறிச்சி உங்களுக்குப் பக்கம்தானே, பானை செய்கிறவர்களிடம் பிசைந்த களிமண் ஒரு உருண்டை விலைக்குக் கேளுங்கள், ஈரத்துணி சுற்றி வைத்தால் காயாமல் கிடக்கும்.

அந்த மூன்று வயதுப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். சில பிள்ளைகளுக்கு ஈரமோ பிசுபிசுப்போ கையில் பட்டால் உண்மையாகவே தாங்காது, அடம் என்று நினைக்கவேண்டாம். அவள் கையில் ஒரு குச்சியோ தேங்காய்ச் சிரட்டையோ கொடுங்கள், மண்ணைத் தொடாமலே கிளறட்டும். உலர்ந்த சருகு, வேப்பங்கொழுந்து, கழுவிக் காயவைத்த பனங்கொட்டை என்று காய்ந்த பொருளிலிருந்து ஆரம்பியுங்கள். கை கழுவ ஒரு கிண்ணத் தண்ணீரும் துண்டும் பக்கத்திலேயே இருக்கட்டும், நினைத்த உடனே கழுவலாம் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போகும். மற்ற பிள்ளைகள் முன்னால் "பாரு, அவன் தொடுதான்" என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள். மாதக்கணக்கில் ஆனாலும் பரவாயில்லை. சாப்பாடு, உடுப்பு, சத்தம் எல்லாவற்றுக்குமே இப்படி அழுகிறாள் என்றால் மட்டும் அவள் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, குழந்தை டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் நான் கறாராகத்தான் பேசுவேன். கிணற்றுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டாமல் ஒரு பிள்ளையைக்கூட முற்றத்தில் இறக்காதீர்கள். வாளியில் மிச்சத் தண்ணீர் நிற்கக்கூடாது, தவழ்ந்து எழுந்த வயசுப் பிள்ளை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம். வேலியில் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணிக் கொடி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள், அரளிக் கொட்டையும் காட்டாமணக்குக் கொட்டையும் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை மாதிரித்தான் தெரியும். ஏதாவது வாயில் போட்டுவிட்டால் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், தின்ற செடியில் ஒரு கிளையைக் கையோடு எடுத்துக்கொண்டு 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழைக்காலத்தில் முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கூட்டம் கூட்டமாக அப்பிக்கொள்ளும், அந்த நாட்களில் மரத்துப் பக்கமே வேண்டாம். கல்லையும் ஓட்டையும் புரட்டிப் பார்ப்பது உங்கள் கை வேலை, பிள்ளைகள் கை வேலை இல்லை, அடியில் தேள் இருக்கும். மண்குவியலை ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடினால் நாய், பூனை அசிங்கம் செய்யாது. காலில் செருப்பு, சாப்பாட்டுக்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுக்கிற பூச்சி மாத்திரை எல்லாப் பிள்ளைக்கும் போட்டாயிற்றா, தடுப்பூசி பாக்கி இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்து வையுங்கள்.

ஆற்றுக்கு வேண்டாம். நீங்கள் இரண்டு பேர், அவர்கள் ஆறு பேர், தாமிரபரணியில் அணையிலிருந்து தண்ணீர் எப்போது கூடும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பெற்றோரும் வந்தால் அது வேறு. அப்படி எல்லோரும் கூடிவருவதாக இருந்தால் தை, மாசியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போங்களேன், ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் நாரை கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வதையும் பார்க்கலாம்.

கடைசியாக அந்த அம்மா. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அடுத்த வருஷம் எல்கேஜியில் யாராவது தன் பிள்ளையைக் குறைவாகப் பேசிவிடுவார்களோ என்ற பயம்தான் அப்படிக் கேட்கவைக்கிறது. தத்துவம் பேசாமல் கையைக் காட்டிப் பேசுங்கள். பென்சில் பிடிக்கக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்து இயங்கவேண்டும், மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகளில் பல இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், இப்போது எழுதவைத்தால் முஷ்டியால் பிடித்து அழுத்தி, அந்தப் பிடியே பழகிவிடக்கூடும். கீரை உருவுவதும் களிமண் கிள்ளுவதும் அதே மூன்று விரலுக்கான பயிற்சி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரலால் எழுதித்தான் ஆரம்பித்தார்கள் என்று அவர் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரிந்திருக்கும். அரசாங்க ஆதாரம் கேட்கிறவராக இருந்தால், மத்திய அரசு 2013இல் வெளியிட்ட முன்பருவக் குழந்தைகளுக்கான கொள்கை விளையாட்டும் செயலும் வழியாகத்தான் இந்த வயதில் கற்பிக்கவேண்டும் என்கிறது, அதையும் சொல்லுங்கள். அதற்காக அவர் பிள்ளை முன்னாலேயே வாசித்துவிடுவான் என்றெல்லாம் வாக்குக் கொடுக்கவேண்டாம்.

ஏபிசிடியை ஒதுக்கவும் வேண்டாம், மத்தியானம் உள்ளே இருக்கும்போது பாட்டாகப் பாடட்டும். நாலரை வயசுக்காரர்கள் தன் பேரை எழுதக் கேட்டால் மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுங்கள், தமிழிலும்தான். ஒர்க் ஷீட் வாங்கவேண்டாம், அந்தக் காசுக்கு ஆறு பழைய சட்டை தேறும். திங்கட்கிழமை முதல் வந்தவுடன் முற்றத்துச் சட்டை, போகும்போது கால் கழுவி வீட்டுச் சட்டை என்று மாற்றிவிடுங்கள். சாயங்காலம் அந்த அம்மா கூட்டிப் போக வரும்போது, "இன்னைக்கு ஒரு கட்டுக் கீரையில பாதி இவன் உருவினது" என்று சொல்லி, கொஞ்சம் கீரையை அவர் கையில் கொடுத்தனுப்புங்கள்.