பயணத்தில் ஜிப் பிளந்தால், வார் அறுந்தால்: ஒரு சோப்பு டப்பா போதும்

கேள்வி: அடுத்த மாதம் அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து ரயிலில் காசிக்குப் போகிறோம். திரும்புவது விமானத்தில். போன தடவை வெளியூர் போனபோது பெட்டி ஜிப் பிளந்தது, அம்மாவின் செருப்பு வார் பிய்ந்தது, அப்பாவின் கண்ணாடித் திருகு கழன்று விழுந்தது. எல்லாம் ஒரே நாளில். இந்த முறை கையோடு என்னென்ன எடுத்துப்போகலாம்? சுமை கூடக் கூடாது.
- தஞ்சாவூர் வாசகி

பதில்: நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே வகைப் பழுதுதான். இருபது வருஷத்துக்கு மேலாகப் பை, பெட்டி பழுது பார்க்கிறேன். பெட்டியின் துணி கிழிந்தது என்று வருகிறவர்கள் குறைவு. ஜிப், கைப்பிடி, வார், சக்கரம் என்று இரண்டு பொருள் சேருகிற இடத்தில்தான் விட்டுப்போகும். அதனால் இறுக்க, கட்ட, தைக்க, ஒட்ட என நாலு வேலைக்குப் பொருள் இருந்தால் போதும். பயணத்தில் நாம் முழுப் பழுது பார்க்கப்போவதும் இல்லை. அடுத்த தையல்கடைக்கோ, செருப்புத் தைப்பவரிடமோ போய்ச் சேரும்வரை தாங்கினால் சரி. காசியில் அப்படித் தைப்பவரை 'மோச்சி' என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

முதலில் ஜிப். பெட்டி பிளந்துகொண்டால் பல்லு போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இப்போது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் நைலான் சுருள் ஜிப். அந்தச் சுருள் சுலபத்தில் கெடாது. தேய்வது மேலே ஓடுகிற சிலைடர்தான். அதன் பின்பக்க உதடுகள் கொஞ்சம் விரிந்துவிட்டால், இரண்டு பக்கப் பல்லையும் சேர்த்து அழுத்த முடியாமல் போகிறது. சிலைடரை ஆரம்ப முனைவரை இழுத்து வாருங்கள். மூடிய பல் வெளியே வருகிற பக்கம் இருக்கிறதே, அங்கே சிறிய குறடால் இடதுபுறம் ஒரு அழுத்து, வலதுபுறம் ஒரு அழுத்து. பிறகு இழுத்துப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக அழுத்தாதீர்கள். பல சிலைடர்கள் துத்தநாக வார்ப்பு, பட்டென்று உடைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலை தெரியாமல் புதுப் பெட்டி வாங்கியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஜிப்பில் துணி சிக்கிக்கொண்டால் முன்பக்கம் இழுக்கவே இழுக்காதீர்கள். சிலைடரைப் பின்னால் தள்ளிக்கொண்டே துணியைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் விடும். ஓடாமல் இறுகினால் பல் மேல் மெழுகைத் தேய்க்கலாம். இழுக்கிற பிடி உடைந்துபோனால் ஒரு சாவி வளையம் மாட்டிவிடுங்கள். சிலைடரே உடைந்துவிட்டதா? பெட்டியைச் சுற்றி நைலான் கயிற்றால் இரண்டு கட்டுக் கட்டி நகருங்கள்.

அடுத்தது செருப்பு. காசியில் 84 படித்துறைகள். அம்மா ஏறி இறங்கப்போவது கல்படி, அதிலும் பல இடம் ஈரம். ஹவாய் செருப்பின் குமிழ் ஓட்டையை விட்டு மேலே வந்துவிட்டால், அதை மறுபடி உள்ளே தள்ளி, அடியில் குமிழுக்கு மேலே உள்ள கழுத்தில் குறுக்காக ஒரு ஊக்கைக் குத்தி மாட்டலாம். நம் ஊரில் எல்லோரும் செய்கிற வேலைதான். ஆனால் ஊக்கு தரையில் உரசினால் ஈரக்கல்லில் வழுக்கும். சமதரையில் கடைவரை நடக்க மட்டும் அதை நம்புங்கள், படி இறங்க வேண்டாம். அம்மாவுக்கு நன்றாகப் பழகிய, பின்வார் உள்ள செருப்பையே போட்டுக் கூட்டிப்போங்கள். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம்.

பயணத்துக்கென்று அலமாரியில் பல வருஷமாகப் பத்திரப்படுத்திய ஷூ யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் என்கிற நுரை மாதிரியான பிளாஸ்டிக்கில் செய்த அடிப்பாகம் காற்றின் ஈரத்தால் உள்ளுக்குள் சிதைந்துகொண்டே வரும். போடாமல் வைத்திருந்தாலும் இது நடக்கும். பார்க்கப் புதிதாகத் தெரியும், பாதி வழியில் கேக் மாதிரி உதிரும். அப்போது எந்தப் பசையும் நிற்காது. கட்டைவிரலால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். விரிசலோ பிசுபிசுப்போ தெரிந்தால் விட்டுவிடுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் கிளம்ப ஒரு வாரம் முன்னால் அரைமணி நேரம் போட்டு நடந்து பாருங்கள். நல்ல ஷூவில் நுனி மட்டும் வாய் பிளந்தால், சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் ஒன்றை முன்பக்கம் மாட்டினால் நாள் முழுக்கத் தாங்கும். பஞ்சர் கடையில் கேட்டால் பழைய டியூப் துண்டு கொடுப்பார்கள். இரண்டு விரல் அகலத்தில் நாலைந்து வளையம் வெட்டிக்கொள்ளுங்கள். கடை ரப்பர் பேண்ட் அதன் பக்கத்தில் வராது.

அப்பாவின் கண்ணாடிக்கு நல்ல வழி, பழைய கண்ணாடியையும் எடுத்துப்போவது. பவர் எழுதிய சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கண்ணாடிக் கடையில் அந்தச் சட்டகத்தைக் காட்டி உபரித் திருகு இரண்டு கேட்டு வாங்கி, ஒரு டேப் துண்டில் ஒட்டி வையுங்கள். கையில் விட்டால் காணாமல் போகிற அளவு சின்னது அது. திருகு இல்லாவிட்டால் மின் ஒயருக்குள் இருக்கும் மெல்லிய செப்புக் கம்பி ஓர் இழையைத் துளையில் கோத்து முறுக்கி, முனையைக் கண்ணில் படாதபடி வெளிப்பக்கம் மடக்கிவிடலாம். கீலில் மட்டும் உடனடிப் பசை விடாதீர்கள். கீல் இறுகிப்போவதோடு, பசையின் ஆவி லென்ஸிலும் வெள்ளையாகப் படியும்.

அந்தப் பசையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. ஃபெவிக்விக் போன்றவற்றில் பெரிய டியூப் வேண்டாம். அரை கிராம் சின்ன டியூப் இரண்டு போதும். ஒருமுறை திறந்தால் மிச்சம் இறுகிவிடும் என்பதால் சின்னதுதான் லாபம். பிளாஸ்டிக் கைப்பிடி, உடைந்த பக்கிள், பிள்ளைகளின் பொம்மை இதற்கெல்லாம் சரி. பருத்தித் துணியிலும் பஞ்சிலும் படவிடாதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது சூடாகும், தோலைச் சுடும் அளவுக்கு. உடுப்பில் பொத்தான் விட்டால் ஊசி நூல்தான்.

இப்போது டப்பா. மூடி இறுகும் பயணச் சோப்பு டப்பா ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விரல்நீள மெழுகுவர்த்தித் துண்டு, அதிலேயே குத்தி வைத்த இரண்டு சாதா ஊசி. மெழுகு ஜிப்புக்கும் ஆச்சு, ஊசி விரலைக் குத்தாமலும் ஆச்சு, நூலில் தேய்த்தால் சிக்கும் விழாது. கறுப்பு, வெள்ளை பாலியெஸ்டர் நூல் கொஞ்சம். பை வார் தைக்க ஒரு கோணி ஊசி. பெரிதும் சிறிதுமாகப் பத்து ஊக்கு. பாவாடை நாடா உள்ளே உருவிக்கொண்டாலும் ஊக்கில் மாட்டித்தான் கோக்க வேண்டும். ரவிக்கை ஹூக் நாலு, சட்டைப் பொத்தான் நாலு, சாவி வளையம் இரண்டு. ஒரு ஜாண் நீளத்தில் கேபிள் டை, அதாவது இழுத்தால் இறுகிப் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டை, பத்து. துணி டேப்பை முழு உருளையாக எடுக்காதீர்கள். காலாவதியான ஏடிஎம் அட்டையில் இரண்டு மீட்டர் சுற்றிக்கொண்டால் போதும். டியூப் வளையங்கள், பசை, திருகு, சிறிய குறடு, நகவெட்டி. நகவெட்டி இருந்தால் நூலும் வெட்டலாம், கேபிள் டையும் வெட்டலாம். கயிறு ஐந்து மீட்டர் தனியாக. இரவில் துணி காயப்போடவும் ஆகும்.

கிளம்பும் முன் பெட்டிச் சக்கரத்தைக் கவிழ்த்துப் பார்த்து, அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் எடுத்துவிடுங்கள். சக்கரம் உடைந்துவிட்டால் கையில் இருப்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, போர்ட்டர்தான்.

டப்பாவைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஜிப் சிக்கிய பெட்டிக்குள்ளே குறடு இருந்து என்ன பயன்? ரயிலில் தோள்பையில் இருக்கட்டும். விசுவநாதர் கோயிலுக்குள் பையும் போனும் விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அங்கே புடவையில் இரண்டு ஊக்கைக் குத்திக்கொண்டால் போதும்.

திரும்பும் நாளில் மட்டும் மாற்றி அடுக்குங்கள். குறடு, கோணி ஊசி, கத்தரி ஏதாவது இருந்தால் அதுவும் செக்-இன் பெட்டிக்குப் போகட்டும். பவர் பேங்க் இருந்தால் நேர்மாறு, அது கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன்னில் கூடாது. செருப்புக்கு ஒட்டுகிற மஞ்சள் ரப்பர் பசையைக் காசியில் வாங்கியிருந்தால் அங்கேயே யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். அது தீப்பற்றும் பொருள், விமானத்தில் ஏற்ற முடியாது.